நாற்பத்தோரு அடி வடக்கே

கூனிமுனைக்குப் போகிற எவருக்கும் அந்த ஊர்க்காரர்கள் இன்றுவரை நேரான வழி சொன்னதில்லை. பஸ் நின்று திரும்புகிற உப்பளத்து முக்கிலிருந்து கிழக்கே மூன்று மைல் மணலில் கால் புதையப் புதைய நடந்து, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட, நூற்று நாற்பத்திரண்டு படி கொண்ட கலங்கரை விளக்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டு ஒருவர் வந்து சேர்ந்தால், அது அவர் கண்ணுக்கு எதிரே வானம் முட்ட நின்றுகொண்டிருக்கும்போதே, "விளக்கா? இங்க ஏது விளக்கு?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. கடலில் மீன் கிடக்கிற இடத்தைத் தலைமுறை தலைமுறையாக மறைத்துப் பழகிய வாய், கரையில் நிற்கிற கட்டடத்தையும் கூடவே மறைத்துவிடுகிறது.

விஷயம் இதுதான். கடலுக்கடியில் பாறைத் திட்டுகள் உண்டு. பார் என்பார்கள். பார் கண்டவனுக்குக் களவாயும் விளமீனும் தூண்டில் போட்ட கைக்கு ஓயாமல் வரும். ஆனால் தண்ணீருக்கு மேலே அதற்கு ஒரு அடையாளமும் கிடையாது. கடலில் நின்று கரையைத் திரும்பிப் பார்த்து, இந்தப் பனை அந்த மேட்டுக்கு நேரே வரவேண்டும், இந்தக் கூரை அந்த மரத்தை மறைக்கவேண்டும் என்று இரண்டு குறியைச் சேர்த்துத்தான் இடம் பிடிக்கவேண்டும். அதற்குக் கணியம் என்று பேர். வீட்டுக்கு ஒரு கணியம். அப்பன் கண்ணை மூடுகிறபோது மகன் காதில் மட்டும் சொல்வது. "இன்னைக்கு எங்கடே பாடு?" என்று கேட்டால் கிழக்கே போனவன் தெற்கே என்றுதான் சொல்லவேண்டும். அது பாவத்தில் சேராது. யாராவது அறியாத்தனமாய்ப் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னால், "அத விடு, மத்ததச் சொல்லு" என்பார் சாமியார்.

அந்த ஊரில் கணியத்தைக் காதில் வாங்கிய ஒரே பொம்பளை பிரகாசி. அவள் புருஷன் கயித்தான் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது மகன் மோயீசனுக்குப் பதினாலு வயசுதான். சின்னப் பிள்ளையிடம் சொன்னால் மிட்டாய்க்கு விற்றுவிடுவான் என்று பொண்டாட்டி காதில் சொல்லிவிட்டுச் செத்தான். விளக்குத் தூண் கோயில் சிலுவையை மறைக்கவேண்டும், தேரிமேட்டு ஒத்தைப்பனை, உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் தெற்கு மூலையில் உட்காரவேண்டும். அவ்வளவுதான். அந்தப் பாருக்கு அவன் வைத்திருந்த பேர் பிரகாசிப்பார். இதைக் கேட்டு அவள் அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே நினைவில்லை. மகன் வளர்ந்ததும் சொல்வதாகச் சத்தியம் செய்து கொடுத்தாள்.

வளர்ந்தவன் சும்மா இருந்தானா? திருவிழாச் சப்பரத்தின் பின்னால் நடந்து நடந்தே சந்தியாகுவின் மகள் செசிலியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். சந்தியாகுவுக்கு ஐந்து வள்ளம், ஊரிலேயே நீளமான நாக்கு, அதைவிட நீளமான காது. பிரகாசி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்: கணியத்தைக் காலையில் மகனிடம் சொன்னால் சாயந்திரத்துக்குள் மருமகள் காதுக்குப் போகும், மறுநாள் விடிவதற்குள் சம்மந்தியின் ஐந்து வள்ளமும் தன் பாரின்மேல் நிற்கும். ஆகையால் இரண்டு வருஷமாக அவள் வாயைத் திறக்கவில்லை. மோயீசன் மாமனார் வள்ளத்திலேயே கூலிக்குப் போனான். செசிலி ஏழு மாதக் கர்ப்பத்தோடு மாமியார் உதறிப்போட்ட கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கையில்தான், மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கும் மீன் ஏலத்துக்கும் நடுவே, ஊர் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், கலங்கரை விளக்கம் வடக்கே நகர்ந்துபோய் நின்றது.

முதலில் கண்டது பிரகாசிதான். கருவாட்டுப் பாயின் தலைமாட்டில் வந்து விழவேண்டிய தூணின் நிழல் அன்றைக்குப் பாய்ப்பக்கமே வரவில்லை. என்னடா இது சவம் என்று நிமிர்ந்து பார்த்தாள். விளக்குத் தூண், அதைச் சுற்றின மதில், விளக்குக்காரரின் அறை, அறைவாசலில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி எல்லாம் அப்படியே மொத்தமாகத் தள்ளிப் போயிருந்தன. கோழி எழுந்திருக்கக்கூட இல்லை. விளக்குக்காரர் வெளியே வந்து, தன் டம்ளரில் தேத்தண்ணீர் தளும்பவில்லை, ஆகவே தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். பழைய இடத்தில் வட்டமாக ஈரமண் கிடந்தது. ஊர் கூடி வந்து சேர்வதற்குள் கச்சான் காற்று மணலை வாரிப் போட்டு அதையும் மூடிவிட்டது.

வேறு ஊராயிருந்தால் எப்படி நகர்ந்தது என்று கேட்டிருப்பார்கள். கூனிமுனையில் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. யார் சொல்லி நகர்ந்தது என்றுதான் கேட்டார்கள். ஊரிலுள்ள கணியம் பாதிக்கு மேல் அந்தத் தூணை வைத்துத்தான் இருந்தது. கரையில் ஒரு சாண் தள்ளினால் கடலுக்குள் ஒரு கூப்பிடு தூரம் தள்ளும். அத்தனை பேர் பாரும் ஒரே மத்தியானத்தில் காணாமல் போய்விட்டது. அப்படியானால் யாருடைய பார் காணாமல் போகவில்லையோ, அவன்தான் இதைச் செய்தவன். மறுநாள் வள்ளம் நிறைய மீனோடு வந்தவனை, "ஒமக்கு மட்டும் எப்படியா வழி தெரிஞ்சுது?" என்று கேட்டார்கள். வெறும் வள்ளத்தோடு வந்தவனை, நடிக்கிறான் என்றார்கள். அதுவரை விளக்கொளி படாதிருந்த கிழக்குத் தெருக் கடைசி வீட்டு ஜன்னலில் வெளிச்சம் விழ ஆரம்பித்ததால், அந்த வீட்டுக்காரிதான் அந்தோணியாருக்கு நேர்ந்து நகர்த்தினாள் என்று ஒரு வாரம் அவளோடு யாரும் பேசவில்லை.

மற்றபடி ஊர் பழகிக்கொண்டது. தூணைச் சுற்றி வருகிற குருத்தோலைப் பவனி இன்னும் கொஞ்சம் நடந்து சுற்றியது. தூணின் நிழலில் தேத்தண்ணீர்க் கடை போட்டிருந்தவன் கடையைத் தூக்கிக்கொண்டு நிழலின் பின்னால் போனான். விளக்கு நகர்ந்த சேதி கேட்டு வெளியூரிலிருந்து ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். "பழைய இடம் எதுங்க?" என்று அவர்கள் கேட்டால், ஒருவன் கிணற்றைக் காட்டினான், ஒருவன் கல்லறையைக் காட்டினான், ஒருத்தி கடலையே காட்டினாள்.

ஏனென்றால் பழைய இடம் தெரிந்தவனுக்குத்தான் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தெரியும். அது தெரிந்தால்தான் கணியத்தைத் திருத்திக்கொள்ள முடியும். நகர்ந்த அன்று சாயந்திரமே, ஒதுங்கப் போகிறவர்கள்போல ஒவ்வொருவராகத் தூண் பக்கம் போனார்கள். பழைய இடத்தின் விளிம்பு என்று தான் நினைத்த இடத்தில் ஒவ்வொருவரும் ஒரு முளைக்குச்சியைச் சத்தமில்லாமல் அடித்து, மேலே மணலைத் தூவிவிட்டு வந்தார்கள். பிரகாசியும் போனாள். அவள் வேப்பங்குச்சி அடித்தாள். அடித்துவிட்டு எழுந்திருக்கும்போது கால் பெருவிரலில் இன்னொரு குச்சி இடறியது. குனிந்து துழாவினாள். ஏழெட்டுக் குச்சி. இதில் சம்மந்தி குச்சியும் இருக்கும் என்று நினைத்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. அத்தனையையும் பிடுங்கி, இரண்டடி, நாலடி, கைக்கு வந்தபடி மாற்றி நட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தான் செய்ததை மற்றவர்களும் செய்வார்கள் என்று ஊரையே சந்தேகப்பட்ட அந்த மனுஷிக்கு அந்த ஒரு சமயத்தில் மட்டும் தோன்றவில்லை பாருங்கள்! அதைத்தான் விதி என்பது.

பங்குனி பிறந்ததும் சர்க்காரிலிருந்து ஒரு அளவுக்காரர் வந்தார். பேர் வைகுண்டம். முக்காலி, பித்தளைக் குழல், இரும்புச் சங்கிலி, பழைய வரைபடம் எல்லாம் கொண்டுவந்து பத்து நாள் தங்கினார். மூன்று வேளையும் பிரகாசி வீட்டில்தான் சாப்பாடு. ஊர் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தது, நண்டு அவித்துக் கொடுத்தது, கேட்ட கேள்விக்கெல்லாம் பொய் சொன்னது. முப்பத்தெட்டு வீட்டில் விசாரித்து முப்பத்தெட்டு இடத்தை எழுதிக்கொண்டார். இப்படியே போனால் இந்த விளக்கு நிற்காத இடமே இந்த ஜில்லாவில் இருக்காது என்று சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சிரித்தார்.

புறப்படுகிற அன்றைக்கு அவர் இலையில் இரண்டாவது மீன் துண்டை வைத்துவிட்டுப் பிரகாசி கேட்டாள்.

"ஐயா, நெசமா எம்புட்டுத் தூரம் போயிருக்கு?"

"வரைபடத்தை வச்சு மூணு தடவை அளந்துட்டேன்மா. நாற்பத்தோரு அடி வடக்கே."

அவர் கை கழுவப் போன நேரத்தில், பாயில் கிடந்த அறிக்கையை எடுத்துச் செசிலியிடம் நீட்டினாள் பிரகாசி. மருமகள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அவள் படித்துச் சொன்னாள்: கலங்கரை விளக்கம் வரைபடத்தில் கண்ட இடத்திலேயே உள்ளது, நகர்வு ஏதுமில்லை.

"பாத்தியா! வாயில நாப்பத்தொண்ணு, தாள்ல ஒண்ணுமில்ல. ஒங்கப்பன் வீட்டுல காப்பி குடிச்சான்லா இவன், அப்பமே நெனைச்சேன்."

"நகர்ந்துச்சுன்னு எழுதினா ஆபீஸ்ல இவரக் கோட்டின்னு சொல்லுவாவ மாமி. அதான் எழுதல. வாயில சொன்னதுதான் நெசம்னு எனக்குத் தோணுது."

அது போதுமாயிருந்தது பிரகாசிக்கு. சந்தியாகு மகள் நிஜம் என்று சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். அன்று சாயந்திரம் தன் வேப்பங்குச்சியைத் தேடிக் கண்டுபிடித்து, அதிலிருந்து தூண் வரைக்கும் காலால் அளந்தாள். இருபது அடி வந்தது. அளவுக்காரனையும் மருமகளையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டு திரும்பினாள்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த வாரம் கடலில் மீன்பாடே இல்லை. சந்தியாகு வள்ளத்தில் மோயீசனுக்குக் கூலியாகக் கிடைத்தது நாலு காரல். பிள்ளை பிறக்கப் போகிற வீடு. பிரகாசி அன்று மகனைக் கோயில் பின்சுவர்ப் பக்கம் கூட்டிப்போய், கயித்தான் தன் காதில் சொன்னதை அவன் காதில் சொன்னாள். தூண் நகர்ந்துவிட்டதால் இனிமேல் அது சிலுவையை மறைக்காது, தூணுக்குத் தெற்கே ஒரு தூண் தடிப்பு இடைவெளி விட்டுச் சிலுவை தெரிகிற இடத்தில் நிற்கவேண்டும் என்று தன் இருபதடியைச் சேர்த்துத் திருத்தியும் கொடுத்தாள். தூணின் தடிப்பு இருபதடி. நாற்பத்தொன்று என்று அவள் நம்பியிருந்தால் இரண்டு தடிப்பு என்று சொல்லியிருப்பாள்.

"தனியாப் போ. கூட ஒருத்தன் வேண்டாம், எவனயும் நம்பக்கூடாது. ஒம் பெஞ்சாதிகிட்ட மூச்சு விடாத."

"சரிம்மா" என்றான் மோயீசன். வியாழக்கிழமை விடியுமுன் அப்பாவின் சின்னக் கட்டுமரத்தைத் தனியாளாகத் தள்ளிக்கொண்டு போனான்.

பதினோரு மணிக்கு ஊர் வள்ளங்கள் எல்லாம் கரையேறின. ஒரு மணிக்கும் அவன் வரவில்லை. இரண்டு மணிக்குப் பிரகாசி, இன்றைக்குத் தூங்கவேண்டாம் என்று கடற்கரையில் போய் நின்றாள். மூன்று மணிக்குக் காற்று திரும்பி, வடக்கே தூரத்தில் வெள்ளை வெள்ளையாக அலை உடைவது தெரிந்தது. அப்போதுதான் அந்த வேப்பங்குச்சி அவள் ஞாபகத்துக்கு வந்தது. தான் நட்டபோது அதன் கணு வடக்கே பார்த்திருந்தது. அளந்தபோது தெற்கே பார்த்திருந்தது. அடிப்பாவி, எவனோ எங்குச்சியப் புடுங்கி நட்டிருக்கான், நான் அத நம்பி எம் புள்ளையக் கடல்ல வுட்டுட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஆம்பளைகள் நடுவே ஓடினாள்.

"எய்யா, எம் மவன் வரல! தேடப் போங்கய்யா. எங்க போயிருக்கான்னு நான் சொல்லுதேன். தூணுக்குத் தெக்கே ஒரு தூண் தடிப்புத் தள்ளிச் சிலுவ தெரியணும், ஒத்தப்பன கிட்டங்கியோட தெக்கு மூலையில இருக்கணும். அந்த எடம்!"

ஊசி எல்லார் கையிலும் நின்றது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கணியத்தை உரக்கச் சொல்லி அந்தக் கரையில் யாரும் கேட்டதில்லை. உரக்கச் சொன்னால் அது எப்படி நிஜமாக இருக்கும்? மகன், அப்பன் கயித்தானுடைய பாரில் கட்டுமரம் முங்க மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான், கண்ணு போடாமல் இருக்க நம்மை வேறெங்கோ விரட்டுகிறாள் என்று ஒருவன் பக்கத்திலிருந்தவன் காதில் சொன்னான். சந்தியாகு வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சம்மந்தி, ஆனாலும் நீங்க கெட்டிக்காரிதான்" என்றார்.

"மாதா மேல ஆணையா நெசம்யா! ஒங்க மருமவன்யா அவன்!"

"ஆணை வேறயா?" என்றான் இன்னொருவன். அந்த ஊரில் பொய் பெரிதாகும்போதுதான் மாதாவைக் கூப்பிடுவார்கள்.

பிரகாசி மணலில் உட்கார்ந்து மண்ணை வாரித் தன் தலையில் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷம் பூட்டி வைத்ததை வாரிக் கொட்டியும் வாங்குவதற்கு ஆளில்லாமல் போயிற்றே என்று அழுதாள். அப்போது செசிலி வந்தாள். வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, மணலில் ஓட முடியாமல் ஓடி, அப்பன் முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"யப்பா, மாமி சொல்லுதது நெசம். தூண் சிலுவைய மறைக்கணும், ஒத்தப்பன தெக்கு மூலையில உக்காரணும். இது தூண் நகருததுக்கு முன்னால உள்ளது. ரெண்டு வருஷமாத் தெனமும் கேக்கேன்."

"யாரு சொன்னா ஒனக்கு?"

"மாமிதான். மத்தியானம் தூங்கும்போது சொல்லுவாக. மொதல்ல என்னையத் திட்டுவாக, சந்தியாகு பெத்த மூதி, வீட்டுக்குள்ள வந்த களவாணின்னு. திட்டி முடிச்சுட்டு இந்தக் கணியத்த மூணு தடவ சொல்லுவாக. அப்புறந்தான் கொறட்டை."

கூனிமுனையில் விழித்திருக்கிறவன் யாரும் நிஜம் சொன்னதில்லை. ஆனால் தூங்குகிறவன் பொய் சொல்லியும் யாரும் கேட்டதில்லை. சந்தியாகுவின் முகம் சுருங்கிப்போயிற்று.

"ரெண்டு வருஷமாத் தெரிஞ்சுமா பெத்த அப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"ஒங்ககிட்ட சொல்லல. அவருகிட்டயும் சொல்லல. மாமி அவுக கையால குடுக்கட்டும்னு இருந்தேன்" என்றாள் செசிலி. "இப்பம் வள்ளத்தத் தள்ளுதியளா, இல்ல நானே தள்ளட்டுமா?"

சந்தியாகு எழுந்து கரையைப் பார்த்து, தூணையும் சிலுவையையும் கண்ணாலேயே ஒரு தடிப்பு பிரித்து வைத்துப் பார்த்தார். "அந்தக் குறியில போனா நேரே ஆள்விழுங்கிக் கல்லுல்லா இருக்கு! தள்ளுங்கடே!" என்று கத்தினார். ஆள்விழுங்கிக் கல் இருக்கிற இடம் அவருக்கு எப்படித் தெரியும், அப்படியானால் அவருடைய பாரும் அந்தப் பக்கம்தானா என்று, வள்ளத்தைத் தோள் கொடுத்துத் தள்ளுகிற அந்த அவசரத்திலும் நாலு பேர் மனசில் குறித்துக்கொண்டார்கள். பதினொரு வள்ளம் போயிற்று.

விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தன. கல்லில் மோதிக் கட்டுமரம் கயிறு அறுந்து சிதறிப் போயிருந்தது. அதில் ஒற்றை மரத்தைக் கட்டிப்பிடித்தபடி, ஒரு தொடை கிழிந்து, உதடு வெளுத்துக் கிடந்தவனைச் சந்தியாகு தன் கையாலேயே தூக்கியிருந்தார். பிரகாசி மகனை முதலில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். பிறகு அவன் காலைக் கட்டிக்கொண்டு, ஊர் அதுவரை கேட்டிராத சத்தத்தில் அழுதாள். வருகிற வழியில் பதினொரு வள்ளமும், தள்ளும்போது செசிலி சொல்லியனுப்பிய நாற்பத்தோரு அடிக் கணக்கில், இரண்டு தூண் தடிப்பு தள்ளிச் சற்றே நின்று தூண்டில் போட்டுப் பார்த்திருந்தன. அத்தனையிலும் களவாய் துள்ளிக்கொண்டிருந்தது. அளவுக்காரர் சொன்ன நாற்பத்தொன்று சரிதான். பிரகாசிப்பார் அன்றோடு ஊர்ப்பார் ஆயிற்று. அதற்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆனால் அடுத்த பத்துப் பன்னிரண்டு நாள் மத்தியானத்தில் கண் மூடவில்லை. வேறு என்னென்ன சொல்லியிருக்கிறேனோ என்ற நினைப்பில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்கும் ஏலத்துக்கும் நடுவே, விளக்கு மறுபடி நகர்ந்தது. இந்தத் தடவை தெற்கே. பிரகாசி தூங்காமல் இருந்ததால் உடனே பார்த்தாள். ஈரம் மூடுமுன் செசிலியை இழுத்துக்கொண்டு ஓடி, வலைக்கயிற்றின் ஒரு நுனியை அவள் கையில் கொடுத்து, "தளத்தாமப் புடி" என்று மறுநுனியைத் தான் பிடித்து அளந்தாள். பிறகு எழுந்து நின்று ஊருக்கே கேட்கும்படி, "பதினேழு அடி தெக்கே!" என்று கத்தினாள். குச்சியும் கையுமாக வந்துகொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பதினேழு இல்லை என்பது மட்டும் நிச்சயம் என்று ஒருவன் சொன்னான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாயை விரித்து, செசிலி பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடினாள் பிரகாசி. சற்று நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மணல் நெறுநெறுத்தது. யாரோ இருமலை அடக்கினார்கள். சந்தியாகுவின் வெற்றிலை வாசனை உள்ளே வந்தது. ஊர் ஆம்பளைகள் பாதிப்பேர் சுவரோடு சுவராக ஒட்டிக் குந்தியிருந்தார்கள். பிரகாசி புரண்டு படுத்து, வாயைக் கொஞ்சம் கோணலாக வைத்து, தூங்குகிறவளின் குரலில், "பதினேழு அடி தெக்கே... பதினேழு அடி தெக்கே..." என்று மூன்று தடவை முனகிவிட்டு, குறட்டையும் விட்டாள். வெளியே காலடிகள் எழுந்து கடற்கரையைப் பார்த்து ஓடின.

சத்தம் அடங்கியதும் செசிலி அவள் காதோரம் குனிந்தாள்.

"மாமி, நீங்க தூங்கலன்னு எனக்குத் தெரியும்."

பிரகாசி ஒரு கண்ணை மட்டும் திறந்து சந்தேகமாகப் பார்த்தாள்.

"எப்படித் தெரியும்?"

"என்னையத் திட்டலியே."